சிரிக்கக் கூடாத நாட்கள்

கதவைத் திறந்த அக்கா சிரிக்கவில்லை. "வா" என்றுகூட வாய் திறந்து சொல்லவில்லை. கையால் உள்ளே வரச் சொல்லிவிட்டு, கழுத்தை ஆட்டாமல் அசைக்காமல் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா போனில் கேட்டாளே என்று கொண்டுவந்த சூப் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றுவிட்ட தங்கைக்கு முதலில் வந்தது பயம்தான். அக்காவின் இரண்டு நெற்றிப்பொட்டிலும் சின்னச் சின்ன பிளாஸ்திரி. கன்னமெல்லாம் வீக்கம், அங்கங்கே ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. காதோரம் தோல் ஓரிடத்தில் சுருங்கிக் குழி விழுந்திருந்தது. பயம் தெளிந்த அடுத்த நொடியே வந்தது வயிற்றெரிச்சல். ஏனென்றால், அந்த வீக்கத்துக்கும் கன்றலுக்கும் நடுவில் அக்காவின் தாடைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கல்லூரிக்குப் போன காலத்தில் இருந்த அதே கோடு.

"நூல் போட்டிருக்காங்கடி" என்றாள் அக்கா, பல்லோடு பல் ஒட்டியபடி. "கன்னத்துக்குள்ள விட்டு மேல இழுத்துட்டாங்க. நூல் பூரா பொடி முள்ளா இருக்குமாம், அது சதையைப் பிடிச்சுக்குமாம். அப்புறம் நூல் தானா கரைஞ்சிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"இப்ப வலிக்குதா?"

"வலி பரவாயில்ல. மெல்லக் கூடாது, பெருசா கொட்டாவி விடக் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்கக் கூடாது. முக்கியமா, சிரிக்கக் கூடாது. சிரிச்சா நூல் நழுவிடும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, கோணலா நிக்குமாம்."

அத்தான் வேலையாக வெளியூர் போயிருந்த சமயமாகப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறாள். அவருக்கும் தெரியாது, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. அவர் திரும்பி வரும்போது நல்ல ஓய்வில் இருந்தவள்போல் தெரிய வேண்டுமாம், அவ்வளவுதானாம். தங்கை "அடிப்பாவி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சூப்பை ஆற்றினாள்.

சின்ன வயதில் வீட்டில் அக்காவுக்குப் பேர் பொம்மை, இவளுக்குப் பேர் வாயாடி. வருகிற விருந்தாளிகள் அக்காவின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டு, இவள் பக்கம் திரும்பியதும் எதைச் சொல்வது என்று தெரியாமல், "இவ நல்லாப் படிப்பாளா?" என்பார்கள். படிப்பும் சுமார்தான். என்ன செய்வாள், பாவம், வாயை வளர்த்துக்கொண்டாள். கூடத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரையும் சிரிக்க வைப்பாள். சிரித்து முடித்த பத்துப் பேரும் மறுபடி அக்காவைத்தான் பார்ப்பார்கள். அதைவிடக் கொடுமை, இரண்டு பேரும் சேர்ந்து எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் இவளைக் காட்டி அக்காவிடமே, "உங்க அக்காவா?" என்று கேட்டுத் தொலைப்பதுதான். அக்கா இவளைவிட ஆறு வயது பெரியவள். இவளே முந்திக்கொண்டு, "அக்கா இல்லீங்க, அம்மா" என்று சொல்லிக் கேட்டவரையும் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. இவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க யாராவது ஒருவருக்கு ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்து, ஒரு சாண் தூரத்திலிருந்து முகத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. எப்பேர்ப்பட்ட அழகியின் முகமும் ஒரு வயதுக்கு மேல் கீழே இறங்கத்தான் செய்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அக்கா முகத்துக்கும் அந்த நாள் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. முதலில் வாயோரம் ஒரு மடிப்பு. பிறகு தாடைக்குப் பக்கத்தில் சின்னத் தொங்கல். அதைக் கண்டுபிடித்த அன்று இவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அப்புறம்தான் அந்தச் செருப்புக் கடை. இருவரும் போயிருந்தார்கள். கடைக்காரப் பெண் இவள் காலில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே, "உங்க அக்காவுக்கும் ஒரு ஜோடி எடுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். அக்காவைக் காட்டித்தான் கேட்டாள்! இவளுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பு விரலைக் கடித்தது. கடித்தால் என்ன, அந்தப் பெண் வாயிலிருந்து வந்த வார்த்தைக்காகவே அதை வாங்கிக்கொண்டு வந்து, இன்றுவரை கடிபட்டுக்கொண்டு போடுகிறாள்.

அந்த வார்த்தையைத்தான் இப்போது நூல் போட்டு இழுத்துப் பறித்துவிட்டாள் அக்கா.

சூப்பைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். அக்கா உதட்டைக் கொஞ்சமாய்க் குவித்து உறிஞ்சினாள். "மகாராணி உறிஞ்சுற அழகைப் பாரு, கரண்டிக்கே வெட்கமா இருக்கும்" என்றாள் தங்கை. வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்ப் பழக்கம். அக்காவுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்து, பாதியில் நின்று, கை கன்னத்துக்குப் பறந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சுருக்குனு இழுத்துச்சுடி. படுத்தாதே."

"ஐயோ, சாரிக்கா" என்றாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மா எதைக் கட்டிவிட்டாளோ அதை அவிழ்க்கும் வித்தை உலகத்திலேயே இவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. பெரிதாக எதுவும் வேண்டாம். இரண்டே வார்த்தை போதும்.

அது சித்தப்பா கதை. நாற்பது வயதில் அவர் சைக்கிள் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். பள்ளி மைதானத்தில் யாரோ ஏற்றி, தள்ளிவிட்டார்கள். ஓட்ட வந்துவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை. மரத்தடியில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதராயிற்றே, சித்தப்பா அவரைக் கடக்கும்போது, "வணக்கம் சார்" என்றார். அடுத்த சுற்றில் மறுபடி, "வணக்கம் சார்." அதற்கடுத்த சுற்றிலும், "வணக்கம் சார்." நாலாவது சுற்றில் தலைமையாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். அதற்கடுத்த சுற்றில், "சார், சாப்பிட்டாச்சா?" கடைசியில், "சார், வணக்கம், கொஞ்சம் பிடிங்க சார்!" அன்றைக்கு மைதானத்து மண்ணில் புரண்டு சிரித்தவர்கள் அக்காவும் தங்கையும்தான். அதிலிருந்து சாவு வீடோ, பிரசவ ஆஸ்பத்திரியோ, எங்கே இருந்தாலும் ஒருத்தி "வணக்கம் சார்" என்றால் போதும், மற்றவள் காலி. அதிலும் அக்கா சிரித்தால் அண்ணாந்து, வாய் பிளந்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பாள்.

சூப் தீர்ந்தது. தங்கை பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சொல்லிவிடு என்றது மனசு. விளையாட்டாய்ச் சொன்னதாகத்தானே ஆகும், யார் குற்றம் சொல்ல முடியும்? அக்காவின் தாடைக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது.

"அக்கா, நேத்து சித்தப்பா கனவுல வந்தாருக்கா" என்று ஆரம்பித்தாள்.

அக்கா அவளையே பார்த்தாள். கன்றிப்போன முகத்தில் கண் மட்டும்தான் அசைந்தது.

"சைக்கிள்லயா?"

தங்கை பாத்திரத்தின் மூடியைக் கையில் எடுத்தாள்.

"சொல்லு. சொல்லிடு" என்றாள் அக்கா, உதடு அசையாமல். "அன்னைக்குச் செருப்புக் கடைல அந்தப் பொண்ணு கேட்டப்ப உன் முகத்தைப் பார்த்தேன்டி. உனக்குக் கல்யாணம் ஆனப்பகூட அவ்வளவு சந்தோஷம் உன் முகத்துல நான் பார்க்கல. ராத்திரியெல்லாம் எனக்குப் பொறுக்கல. யாரோ ஒருத்தி என்னைக் கிழவின்னா போறா. நீ சந்தோஷப்பட்டியே, அதுதான். மறுநாளே டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிட்டேன்."

தங்கைக்கு முகம் சுண்டிப்போயிற்று. விரலைக் கடிக்கிற அந்தச் செருப்பு வாசலில் கிடந்தது. அக்கா கதவைத் திறக்கும்போதே அதைப் பார்த்திருப்பாள்.

"எல்லாம் தெரிஞ்சு எதுக்குக்கா என்னைக் கூப்பிட்ட?"

"வேற யாரைக் கூப்பிட? இந்த மூஞ்சியை வேற யாருகிட்ட காட்டுவேன்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள். வாயாடி என்று பேரெடுத்தவள் தரையைப் பார்த்தபடி பாத்திரத்தின் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வணக்கம் சார்" என்றாள் அக்கா.

தங்கை நிமிர்வதற்குள் அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. "ஐயையோ, வேணாம்க்கா!" என்று பாய்ந்து போய் இரண்டு உள்ளங்கையாலும் அவள் கன்னங்களைத் தாங்கிப் பிடித்தாள். கடையில் ஃபிரேம் மாட்டிவிடுகிற அதே பதம், வலிக்காமல், நழுவவும் விடாமல். கைக்குள் இருந்த கன்னம் சூடாக, திண்ணென்று இருந்தது. பாவி, நல்லாத்தான் பண்ணியிருக்கா என்று அந்த நேரத்திலும் ஒரு எரிச்சல் எட்டிப் பார்த்தது. அக்காவின் சிரிப்பு தொண்டையில் முட்டி, மூக்கு வழியாகப் புஸ்ஸென்று வந்தது. கண்ணீர் தங்கையின் கட்டைவிரல் மேல் வழிந்தது.

"விட்டுடாதடி" என்றாள் பல்லிடுக்கில்.

தானும் சிரித்துவிட்டால் அக்கா தாங்கமாட்டாள். தங்கை கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அக்காவின் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். பார்த்து என்ன பிரயோஜனம், அங்கே சித்தப்பா இன்னொரு சுற்று வந்துகொண்டிருந்தார்.