பலூன் பெட்டியில் எழுதியது

மூன்று வாரமாகக் கடலில் கிடக்கிற என் புருஷன் அர்வித் இன்று வீட்டுக்கு வரவேண்டும். விடிந்தால் மறுபடி படகேறிவிடுவான். நடுவில் எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சாயங்காலம். அதற்கும் குறுக்கே வந்து நின்றது எங்கள் அன்டோயா தீவு ஏவுதளத்து ராக்கெட்.

ராக்கெட் கிளம்பும்வரை கடலை மூடிவிடுவார்கள். அவன் படகையும் சேர்த்து மீன் படகுகள் எல்லாம் தூரத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். பாழாய்ப்போன அந்த ராக்கெட்டுக்குத் திசை திருப்பும் சுக்கான் கிடையாது, காற்று வலுத்தால் போக்கு கோணலாகிவிடும். அதனால் முதலில் பலூன் விட்டு, மேலே காற்று எப்படி என்று நான் சொல்லவேண்டும்.

காற்றை அளக்கப் பலூனில் கட்டும் கருவிப் பெட்டியில், விடுகிறவர் ஏதாவது கிறுக்குவது எங்கள் வழக்கம். 'சீக்கிரம் வாய்யா, மீன் ஈரல் வாங்கி வெச்சிருக்கேன்' என்று எழுதினேன்.

கூட வேலை பார்க்கும் பெண்டிக் சிரித்தான். "யோருன் அக்கா, வானத்துக்கா விருந்து?"

"போடா, கயித்தப் புடி."

பலூன் ஏறியது. கீழே காற்று சாதுவாக இருந்தது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. மேலே போகப் போகக் காற்று வலுத்தது. ராக்கெட் விட அனுமதிக்கும் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியது. கொஞ்சம்தானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஏவுதளத் தலைவர் ஆஸ்முன் போனில் கேட்டார். "என்னம்மா, விடலாமா?"

விடுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ராக்கெட் திசை மாறினால் படகுகள் நிற்கிற பக்கம் விழலாம்.

"வேண்டாம் சார். காத்து பொல்லாததா இருக்கு."

"சரி, அடங்கட்டும். அதுவரைக்கும் கடல் மூடியே இருக்கட்டும்."

சாயங்காலம்வரை அடங்கவில்லை. வீட்டில் இரண்டு தட்டு எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அர்வித் போனில் கூப்பிட்டான்.

"மீன் கெட்டுடும்னு வேற துறைமுகத்துல இறக்கிட்டோம்டி. இங்கேர்ந்தே திரும்பக் கடலுக்கு."

"ம்."

"எந்த மகராசி இன்னைக்கு வேண்டாம்னது?"

"நான்தான்."



"தெரியும்டி. பலூன் வெடிச்சதும் உன் பெட்டி குட்டி பாராசூட்டுல தொங்கிக்கிட்டு எங்க படகுகிட்டயே வந்து விழுந்துச்சு. இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்திருக்குன்னா, காத்து பொல்லாததுதான். உன் கிறுக்கலப் படிச்சுட்டு பயலுக எல்லாம் என்னைக் கிண்டல் பண்றானுங்க. பெட்டியைத் தலைமாட்டுல வெச்சிருக்கேன்."

எதிரே இருந்த அவன் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஈரலை நீயாவது சாப்பிடு."

"ரெண்டு பேருக்கு வாங்கினதுய்யா," என்றேன். அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டேன்.