முதுகில் இரண்டு தட்டு

விடிவதற்கு முன்பே உடுப்பறையில் டேப் கிழிக்கும் சத்தம் தொடங்கிவிடும். வெள்ளை முழு உடுப்புக்குள் காலை நுழைத்து, ஜிப்பை இழுத்து, கழுத்து இடைவெளியில் டேப் ஒட்ட வேண்டும். தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது. அதனால் ஜோடி. ஒட்டி முடித்தவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லாம் சரி, உள்ளே போகலாம். இந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் நர்சிங் கல்லூரி உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

மற்ற பாடமெல்லாம் செல்போனில். இரண்டாம் வருடம் பிரசவம் பார்க்கக் கற்றிருக்க வேண்டும். நாங்கள் கற்றது, இறந்தவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடுவது. அறைக்குத் திரும்பினால் தூக்கம் வராது. வந்தாலும் அந்த ஜிப் சத்தத்தோடு வரும்.

ஆஸ்பத்திரியும் கல்லூரியும் ஒரே முதலாளிக்கு. இனாமாக உழைக்க மாணவிகள் இருக்கும்போது சம்பளம் எதற்கு என்று நர்சுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போன வாரம் ஜோடியையும் பிரித்தார். ஆளுக்கொரு வார்டு.

என் ஜோடி வாயாடி, பிணவறை வாசலிலும் ஜோக் அடிப்பவள். தனியாக உடுப்பைக் கழற்றிய முதல் நாளே தப்புச் செய்து, தொற்றை வாங்கிக்கொண்டாள். இப்போது பயிற்சி அறையில், பொம்மை நோயாளியை இறக்கிவிட்ட கட்டிலில் கிடக்கிறாள். அங்கே ஆக்சிஜன் கிடையாது.

"அன்னிக்கு ஒரே தாகம்டீ," என்றாள் நேற்று, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "நாக்கு ஒட்டிக்கிச்சு. கிளவுஸைக் கழட்டாமயே மாஸ்க்கை இழுத்துட்டேன். நீ இருந்திருந்தா கையிலயே ஒண்ணு போட்டிருப்ப."

"கண்டிப்பா போட்டிருப்பேன், எருமை."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவேயில்லை. இன்று காலை என் பெயரைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. போய் எல்லாரையும் எழுப்பினேன்.

முதலாளி வந்தபோது உடுப்பறை வாசலை அடைத்து நின்றோம்.

"என்ன கும்பல் இது? அவங்கவங்க வார்டுக்குப் போங்க."

"போறோம் சார். ஜோடியாத்தான் போவோம். அவளுக்கு ஆக்சிஜன் வேணும்," என்றேன்.

"பணம் கட்டினவங்களுக்கே பெட் இல்ல. அவ கவனமில்லாம வாங்கிக்கிட்டா நான் பொறுப்பா?"

"தனியா அனுப்பினது யாரு சார்?"

"உள்ள மனுஷங்க மூச்சுக்குத் தவிக்கிறாங்க. நர்சு பேசற பேச்சா இது?"

சுருக்கென்று தைத்தது. உள்ளே கிடப்பவர்களை எனக்கும் தெரியும். என் பின்னால் யாரோ விசும்பினார்கள்.

"நர்சுங்களைத்தான் அனுப்பிட்டீங்களே. கூப்பிடுங்க, வருவாங்க. நாங்க கத்துக்க வந்தவங்க."

"ஒருத்தியும் பரீட்சை எழுத மாட்டீங்க!"

யாரும் நகரவில்லை. அவர் போனைக் காதில் வைத்தபடி படியிறங்கினார். கூப்பிடுவது நர்சுகளையா, போலீசையா, தெரியவில்லை.

எல்லாரும் ஜோடி சேர்ந்து டேப் ஒட்டத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் ஆள் இல்லை. துப்புரவு அக்கா வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"திரும்பு கண்ணு, நான் ஒட்டி விடறேன். அப்புறம் எனக்கும் ஒட்டி விடு. இத்தனை நாளா எனக்குன்னு யாரு இருந்தா?"

அடக் கடவுளே! தினமும் எங்களுக்கு முன்னால் வார்டுக்குள் போகிறவர். எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லையே. வெட்கத்தோடு அவருக்கு ஒட்டிவிட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

பிறகு எல்லாரும் பயிற்சி அறைக்குப் போனோம். கதவில் இரண்டு முறை தட்டினேன். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நேரமானது. ஆனால் இரண்டாவதும் வந்தது.

பெட் இல்லையாமே முதலாளியிடம்? அவள் கிடக்கும் கட்டிலுக்குச் சக்கரம் இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவோம், யார் தடுக்கிறார்கள் என்று பார்ப்போம். கதவைத் திறந்தேன். கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.