மூச்சு வாங்கும் இடம்

“ஏளா, அந்த முனையத் தள்ளு. அப்பாவ வைக்குற பிரீசர் பெட்டி இங்கனதான் வைக்கணும்” என்றான் அண்ணன் நேசக்குமார்.

ஜெப்ஸி தள்ளினாள். அப்பாவின் டேப் ஆர்கன் முனகிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தது.

அதில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு. அழுத்தினால், பதிந்திருக்கும் புல்லாங்குழல் எட்டு விநாடி ஒலிக்கும். பிறகு டேப் தீர்ந்துவிடும். விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். துறைமுகத்து மாலுமிகள் கிளப்பில் கழித்ததைச் சபை வாங்கியது. ஞாயிறுதோறும் அப்பா வாசித்தார். டேப் தீருமுன் கைகளைத் தூக்குவார்; சபையும் வரியின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கும். சின்தசைசர் வந்ததும் காயலாங்கடைக்குப் போகவிருந்ததை அப்பாதான் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா இருந்தவரை அதன்மேல் துணிக்கு இஸ்திரி போட்டாள்.

“இத உள்ள ஏத்துன அன்னைக்கு உங்கம்மா அடுப்பே பத்த வைக்கல” என்றாள் அப்பாவின் தங்கை ஜீவமணி அத்தை. “இப்ப காரு வெலையாம்லா?”

சென்னையிலிருந்து அதை வாங்க வந்த டெரன்ஸ், மாலையோடு வாசலில் நின்றார். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அண்ணன் பேசி முடித்திருந்தான். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

“அவரு வேன் வெளிய நிக்கி. அடக்கத்துக்கு முன்னயே ஏத்திருவோம்” என்றான் அண்ணன்.

“அப்பாவுக்கு முன்ன இது வாசலத் தாண்டக் கூடாதுண்ணே.”

“ஏன், நீ வாசிக்கப்போறியோ?”

சபையில் பாடும்போதுகூட ஜெப்ஸி உதட்டை மட்டும்தான் அசைப்பாள்.

அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி அமர்ந்து ஞானப்பாட்டு பாடினார்கள். பின்னணியில் எதுவும் ஒலிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியின் நடுவிலும் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள், மூச்சு வாங்கினார்கள்.

பாட்டு முடிந்ததும் டெரன்ஸ் அண்ணனின் காதருகே குனிந்தார். “ஒரே ஒரு தடவை செக் பண்ணிக்கிறேன், சார்.”

அண்ணன் ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. டெரன்ஸ் ஒரு கட்டையை அழுத்தினார்.

குழல் எழுந்தது. விசும்பல்கள் நின்றன. டெரன்ஸ் விரலை எடுக்கவேயில்லை. ஒலி அறுந்தது.

பெண்கள் மூச்சை உள்ளிழுத்தார்கள்.

“சூப்பர் கண்டிஷன்” என்று டெரன்ஸ் கையை எடுத்தார்.

“வேனப் பின்னால எடுக்கச் சொல்லுதேன்” என்று அண்ணன் ஸ்விட்சை அணைக்கக் குனிந்தான்.

ஜீவமணி அத்தை ஜெப்ஸியையே பார்த்தாள். இழுத்த மூச்சை அத்தை இன்னும் விடவில்லை.

ஜெப்ஸி எழுந்து வந்தாள். இஸ்திரிப்பெட்டி சுட்டுக் கறுத்த பலகையில் இடது கையை ஊன்றிக்கொண்டு, அடுத்த கட்டையை அழுத்தினாள்.

அண்ணனின் விரல் ஸ்விட்சின் மேலேயே நின்றது.