மூன்றைத் திருப்பினால் நாலு

“சொல்லுடா! எங்கண்ணன் கைய இன்னாத்துக்கு நசுக்குன?”

பச்சையப்பனின் இரும்புத் தடி மறுபடியும் புகழேந்தியின் முட்டியில் இறங்கியது. திருபுவனைத் தொழிற்பேட்டையில் தகடு வளைக்கும் அந்த ஷெட்டின் ஷட்டரைப் பச்சையப்பனே உள்ளேயிருந்து இழுத்துவிட்டிருந்தான். காலையில் பிரஸ்ஸுக்குள் தகடு பொருத்தும்போது அண்ணன் நடேசனுக்கு மூன்று விரல் போயிருந்தது. அந்நேரம் குமிழ்களின் முன் நின்றவன் புகழேந்தி.

“நான் மூணாவதத்தான்டா திருப்புனேன்! அது வெளக்கோட குமிழு!” வாயில் ரத்தம் கொப்பளித்தது.

“வெளக்கத் திருப்புனா பிரஸ்ஸு எறங்குமா? கைய ஒடைப்பேன்னு போன வாரம் கத்துனது யாருடா?”

“எறங்கும்ண்ணே,” என்றாள் கல்பனா. “அஞ்சு நிமிஷம் குடு. அவன அடிக்காத.”

அந்தக் கன்ட்ரோல் பெட்டிக்கு வயரிங் செய்தவள் அவள்தான். எட்டுக் குமிழ்களையும் ஒரே சிப் முறைவைத்து ஒவ்வொன்றாக, பிரஸ்ஸை ஓட்டும் கன்ட்ரோலருக்குக் காட்டும். மோட்டாரை நிறுத்தி, லேப்டாப்பை மாட்டி, மூன்றைத் திருப்பினாள். திரையில் மூன்றாம் குமிழின் அளவு ஏறியது. கூடவே பிரஸ்ஸை இறக்கும் நாலும் ஏறியது.

சிப் அவசரமாக மாறுகிறதோ? புரோகிராமில் ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தாள். நாலு ஏறியது.

“இன்னாடி, பொட்டியத் தட்டிக்கினே அவனக் காப்பாத்தப் பாக்குறியா?” தடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

சிப்பைப் பிடுங்கிப் புதிது போட்டாள். அப்போதும் நாலு ஏறியது. புகழேந்தியின் அலறலில் இப்போது வார்த்தை இல்லை.

புரோகிராமும் இல்லை, சிப்பும் இல்லை. மிச்சமிருப்பது போர்டுதான். சிப்பை மறுபடி கழற்றி, செல்போன் வெளிச்சத்தை சாக்கெட்டுக்குள் அடித்தாள். மூன்றின் துளையையும் நாலின் துளையையும் இணைத்து மஞ்சளாக ஏதோ ஈரம். ஊசியால் சுரண்டி முகர்ந்தாள். சந்தனம்.

“நேத்து ஆயுத பூஜைக்கு இந்தப் பொட்டியத் தொறந்தது யாரு?”

தடி அந்தரத்தில் நின்றது.

“நான்தான்… மெஷினோட மூளைக்கும் ஒரு பொட்டு வைடான்னு அண்ணன் சொன்னுச்சு,” என்றான் பச்சையப்பன். “பன்னீரு கொஞ்சம் கூடிப்போச்சி. வழிஞ்சிச்சி. நீ திட்டுவேன்னு மேலாக்கத் தொடச்சி வுட்டுட்டேன்.”

அவள் தின்னர் ஊற்றித் துலக்கி, காயவைத்து, சிப்பை மாட்டி, மூன்றைத் திருப்பினாள். மூன்று மட்டும் ஏறியது. நாலு அசையவில்லை.

பச்சையப்பனின் பிடி தளர்ந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டே எழுந்த புகழேந்தி, தடியைப் பறித்துக்கொண்டான்.

“புகழு, வேணாம்! பன்னீரால இப்புடி ஆவும்னு அவருக்குத் தெரியாதுடா!”

குறுக்கே விழுந்தவளை முழங்கையால் தள்ளினான். பச்சையப்பன் ஓடவில்லை. அண்ணனின் ரத்தம் காயாத பிரஸ் மேஜைமேல் வலது கையை விரித்து வைத்தான்.

“இந்தக் கைதான்.”

புகழேந்தி அடித்தான்.