ஆண்டுக்குப் பின் ஒரு கோடு

குழாய் மாற்றுகிறோம் என்று மாநகராட்சிக்காரர்கள் பெரிய தெருவைத் தோண்டிப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. தோண்டத் தெரிந்த புண்ணியவான்களுக்கு மூடத் தெரியவில்லை. ஒருநாள் நடைபாதையையும் அடைத்துவிட்டார்கள். அதனால்தான் ஸ்மில்யா அன்று மதியம் சலவைக்கடையில் இஸ்திரி வேலை முடிந்ததும், பின்பக்கச் சந்துகள் வழியாக வீட்டுக்கு நடந்தாள். ஐம்பத்தெட்டு வருஷமாகப் பெல்கிரேடில்தான் இருக்கிறாள். ஆனாலும் இந்தச் சந்துகளில் கால் வைத்ததில்லை.

சுவரெல்லாம் படம். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பூனை. அதற்கடுத்து, குப்பைத்தொட்டிக்குள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவன். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று முணுமுணுத்தபடியே பூனையின் எதிரில் இரண்டு நிமிஷம் நின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

பூனையைத் தாண்டித் திரும்பினால் ஒரு நீளச் சுவர். அதில் இருந்தவர்கள் எல்லாம் வாலிபர்கள். மோட்டார் சைக்கிளில் போனவன், ஆற்றோடு போனவன், ஊசி போட்டுக்கொண்டு போனவன். பேட்டையில் ஒரு பையன் செத்தால் கூட்டாளிகள் அவன் முகத்தைச் சுவரில் வரையச் செய்வார்கள். கீழே பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இறந்த ஆண்டு. உயிரோடு இருப்பவனுக்கு அந்தச் சுவரில் இடமில்லை என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

கடைசி முகம் அவள் மகன் ஓக்னியனுடையது.

அதே தாடை, அதே கோணல் சிரிப்பு. இடது புருவத்தில் மட்டும் தையல் போட்ட ஒரு காயம், அவனுக்கு இல்லாதது. கீழே அவன் பிறந்த 1993, ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் சுவர். தரையில் மெழுகுவர்த்திகள் உருகிக் கிடந்தன.

ஓக்னியன் வெளிநாட்டில், ஸ்லோவேனியாவில் கட்டட வேலை செய்கிறான். ஸ்மில்யா அங்கேயே நின்று போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வேலை நேரத்துல?"

"மூஞ்சியைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

போன் திரையில் முகம் வந்தது. இடது புருவத்தின் மேல் வெள்ளைக் கட்டு.

"நேத்து சாரத்துலருந்து கம்பி ஒண்ணு விழுந்துச்சு, நாலு தையல். உங்கிட்ட எவன் போட்டுக் குடுத்தான்?"

"வீட்டுக்கு வந்துருடா."

"லீவு தரமாட்டாங்கம்மா. கிறிஸ்துமஸுக்குப் பாப்போம்."

மூன்று வருஷமாக இதே பதில்தான். சுவரைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், சிரித்துக்கொண்டே நாளைக்கும் சாரத்தில் ஏறுவான்.

எதிர் ஜன்னலிலிருந்து பெர்சிடா எட்டிப் பார்த்தாள். சலவைக்கடைக்குத் திரைச்சீலை கொண்டுவரும் கிழவி.

"ரெண்டு வாரமா நான்தான் மெழுகுவர்த்தி ஏத்துறேன் ஸ்மில்யா. புள்ள போயும் நீ கறுப்பு உடுத்தாமத் திரியிறியேன்னு பாத்தேன். கேக்க வாய் வரல."

"ரெண்டு வாரமாவா?"

காயம் பட்டது நேற்று.

வரைந்தவன் வுகாஷின், அதே சந்தில் கீழ்த்தளத்தில் இருப்பவன். அவள் உள்ளே போனபோது மொச்சைச் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"போட்டோவைக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருந்தாங்கம்மா. பின்னாடி பேரும் வருஷமும். யார் தள்ளினதுன்னு நான் தேடமாட்டேன். துக்கத்துல இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்றதில்ல, அதான் இங்க வழக்கம்."

"என் புள்ள உசுரோட இருக்கான்."

கரண்டியை வைத்துவிட்டான். "ஒரு வருஷம்தான் எழுதியிருந்துச்சு. இன்னொண்ணைப் பின்னாடி சொல்வாங்கன்னு நெனச்சேன்."

அன்று மாலையே இரண்டு பூச்சு வெள்ளையடித்தான். நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. ஆனால் மறுநாள் மதியம் ஸ்மில்யா வந்தபோது, வெள்ளையைத் துளைத்துக்கொண்டு ஓக்னியன் சிரித்துக்கொண்டிருந்தான். கோட்டுக்கு அப்புறம் இப்போது 20 என்று இருந்தது. தொட்டாள். விரலில் ஈரச் சாயம் ஒட்டியது.

"சத்தியமா நான் எழுதலம்மா," என்றான் வுகாஷின். அவன் உதடு வெளுத்திருந்தது.

இன்னும் இரண்டு இலக்கம் எழுதினால் முடிந்தது. ஸ்மில்யாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"அவனை அழிச்சா திரும்பி வருது. அழிக்க வேணாம். அவன் மேல என்னை வரை."

"இந்தச் சுவத்துலயா? வேணாம்மா."

"கல்லறையில என் புருஷன் பக்கத்துல என் படத்தையும் செதுக்கி, பொறந்த வருஷமும் கோடும் போட்டு ஏழு வருஷமாச்சு. வயசானவங்களுக்கு இது ஊர்ல நடக்கறதுதானே. நான் போய்ப் பூ வெச்சுட்டு வரேன், எனக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்குத்தான் இது ஆகாது. வரைடா."

இரண்டு மதியம் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் தாடை மேல் அவள் தாடை ஏறியது, அவன் காயம் அவள் புருவத்துக்கு அடியில் போனது. 1993 போய் 1966 வந்தது. 20-ஐ வுகாஷின் சுரண்டப் போனான். இருக்கட்டும் என்றாள். அவளுக்கு மகன் வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணை வரைந்து முடித்ததும் அவன் தூரிகையைக் கழுவப் போனான். திரும்பி வந்து, அவள் எழுந்த நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு, அவள் பக்கம் பார்க்காமலே உள்ளே போய்விட்டான். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். பெர்சிடா மெழுகுவர்த்தியோடு வந்தாள்.

"அக்கா, இனிமே ஏத்த வேணாம்," என்றாள் ஸ்மில்யா.

கிழவி காதில் வாங்கவே இல்லை. சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, திரியைப் பற்றவைத்து, "நல்ல பொம்பளை," என்று மூக்கைச் சிந்தினாள்.

ஸ்மில்யா சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தாண்டா."

"நான்தான்னா? புது நம்பரா இருக்கு."

அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீங்க அம்மாவுக்குத் தெரிஞ்சவங்களா? துக்கம் கேக்கத்தான் தெனமும் யாராவது கூப்பிடுறாங்க."

நன்றாக இருக்கிறான்.

"சனிக்கிழமை அம்மா போயி நாப்பதாம் நாள். லீவு போட்டுட்டேன், பஸ்லதான் இருக்கேன். அடக்கத்துக்குத்தான் வர முடியல. வீட்டுல சாப்பாடு வெச்சிருக்கோம், நீங்க அவசியம் வரணும்."

நாற்பது நாளா? அவள் இந்தச் சந்துக்குள் வந்தே ஒரு வாரம் ஆகவில்லை. ஆனாலும் மூன்று வருஷமாகக் கூப்பிட்டு வராதவன் வருகிறான். ஸ்மில்யாவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

"வரேன்ப்பா."

"வீடு தெரியுமில்ல உங்களுக்கு?" என்று கேட்டான் ஓக்னியன்.