எனக்குப் பெரிய வெட்டே போதும்

சின்ன ஓட்டை என்ற பெருமைக்கு இடது கண்ணைக் கொடுத்தவள் நான். வலது கண்ணையும் கொடுக்க எனக்கு மனசில்லை.

மூன்று வருஷம் முன்பு என் மகன் அபிலாஷ் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இடது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் செய்வித்தான். துளியூண்டு ஓட்டை, மிஷின் புரையை உடைத்து உறிஞ்சிவிடும், சாயங்காலமே வீடு என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். ஆனால் கருவிழி வீங்கி மங்கியது, பிறகு தெளியவே இல்லை. என் புரை முற்றிக் கல்லாகியிருந்ததாம். அதை உடைத்த அதிர்வில் கருவிழியின் உட்பக்கத்துச் செல்கள் நிறையச் செத்துவிட்டன. செத்தவை திரும்ப முளைக்காது என்பதை எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

கொல்லயில் ஊரின் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தோல் உரிப்பவள் நான். கண் போனால் எனக்கு வேலையும் போச்சு.

இப்போது வலது கண்ணிலும் அதே கல் புரை. நெய்யாற்றின்கரை டாக்டர் விமலகுமாரி கருவிழியைப் படமெடுத்துப் பார்த்து, இதிலும் செல்கள் குறைவு என்றார்.

"வெள்ளை விழியில கொஞ்சம் பெருசா வெட்டி, புரையை முழுசா எடுக்கலாம். உங்க கருவிழிக்கு அதுதான் நல்லது. ஆனா புண் ஆற நாளாகும், கண்ணாடியும் வேணும்."

"அதே மதி டாக்டரே, அது போதும்" என்றேன்.

அபிலாஷுக்கு முகம் கறுத்தது. "அது இலவச முகாமுல பாவப்பட்டவங்களுக்குச் செய்யிறதாக்கும். பேங்குல வேலை பாக்குற எனக்க அம்மைக்கு அதா?"

"முகாமுக்குப் போறவளுக்கு இருக்கிறது கண்ணு இல்லியா மக்கா?"

அவனே போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்து வந்தான். ஒத்துக்கொண்டான் என்று நினைத்தேன், முட்டாள் நான்.

ஆபரேஷன் அன்று கண்ணில் மருந்து விட்டதும் எழுத்தெல்லாம் கலங்கியது. நர்ஸ் அனகா ஒரு தாளை எடுத்து வந்தாள். வாசிக்கச் சொன்னேன்.

"மிஷின் ஆபரேஷனுக்குச் சம்மதம். மனசு மாறிட்டீங்கன்னு சொல்லி மகன் கையெழுத்துப் போட்டாச்சு சேச்சி."

தாளை வாங்கி நாலாகக் கிழித்தேன். அபிலாஷ் ஓடி வந்தான்.

"அம்மா, ஒங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்!"

"போன தடவையும் நல்லதுக்குத்தான் செஞ்ச. எலே, இது எனக்க கண்ணாக்கும்."

வேறு தாள் வந்தது. அனகா முழுதும் வாசித்துக் காட்டினாள். அவள் விரல் வைத்த இடத்தில் சுகிர்தபாய் என்று கோணலாக எழுதினேன். டாக்டர் வந்து, "உறுதிதானா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

"உறுதியாக்கும்."

கண் ஒரு வாரம் உறுத்தியது, சிவந்தது. அபிலாஷ் தினமும் மருந்து விட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். கருவிழி மங்கவில்லை. ஒன்றரை மாதத்தில் கண்ணாடி போட்டு வேலைக்குக் கிளம்பினேன். பாறசாலை பஸ்ஸின் போர்டைத் தூரத்திலேயே வாசித்துக் காட்டியபோது அவன் தலை குனிந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஒனக்கும் வயசாகும் மக்கா. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாறேன். ஆனா கையெழுத்து நீதான் போடணும்."