எரியுது டீச்சர்

பல்பு எரியவில்லை. மேசைமேல் பேட்டரி, இரண்டு வயர், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பல்பு. பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் வயரை அழுத்திப் பார்த்தாள், பேட்டரியைத் திருப்பிப் போட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"பல்பு எரியுதா பிள்ளைங்களா?"

"எரியுது டீச்சர்" என்றது வகுப்பு, ஒரே ராகத்தில்.

பிள்ளைகள் என்றால் நிஜப் பிள்ளைகள் இல்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இது வழக்கம். ஒருத்தி டீச்சர். கூடப் படிக்கிறவர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். கல்யாணமாகி இரண்டு பெற்றவளும் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுவாள். பின்னால் உட்கார்ந்து மார்க் போடுகிறவள் நான், இவர்களுக்கு அறிவியல் பாடம் எடுக்கும் விரிவுரையாளர். இவ்வளவு சமர்த்துப் பிள்ளைகளை உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் என் கண் கடைசி வரிசையில் இருந்தவள் மேல்தான் இருந்தது. அவளுக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. முதல் வருடம் தண்ணீர் கொதிக்கவைத்த அன்று மற்றவர்கள் எல்லாம் ஆவி கிளம்பும் முன்பே நூறு டிகிரி என்று எழுதி நோட்டை மூடிவிட்டார்கள். இவள் மட்டும், "மேடம், புக்ல நூறுன்னு இருக்கு, இங்க தொண்ணூத்தேழுலயே நிக்குது. எதை எழுத?" என்று வந்து நின்றாள். பார்த்ததை எழுது என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம், "ஒருத்தி தேறிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி அவரைத் தூங்கவிடவில்லை. இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒருத்தி.

அவள் வாயும் அசைந்தது. எரியுது டீச்சர்.

மணி அடித்ததும் அவளை மட்டும் நிறுத்தினேன்.

"பல்பு எரிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"அவ ஏற்கனவே ரெண்டு தடவை ஃபெயில் மேடம். இதுவும் போச்சுன்னா படிச்சது போதும்னு வீட்டுல உக்கார வெச்சிடுவாங்க. பாவம்."

"அவகிட்ட படிக்கப்போற குழந்தைங்க பாவம் இல்லையா?"



"அதுங்களும் பழகிக்கும் மேடம். நாங்க பழகலையா?"

வெடுக்கென்று சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள். அவள் போனபின் அந்த பல்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இழை அறுந்து தொங்கியது. கழற்றி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. மார்க் போடாமல் தாளை மடித்து வைத்தேன்.

அடுத்த வகுப்பும் எனக்குத்தான். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். இப்போது நடிப்பு எதுவும் இல்லை. அதே பல்பை வயரில் மாட்டி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"எரியுதா?"

ஒருத்தியும் பல்பைப் பார்க்கவில்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் அவளும்தான். கை கடுக்க ஆரம்பித்தது. இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.